குதிரையிடம் உத்தரவு கேட்டது

அத்தைக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காகத்தான் அப்பா குதிரை வாங்கினார் என்று சொன்னால் என்னுடன் வேலை பார்ப்பவர்கள் யாரும் நம்புவதில்லை. மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுப்பதற்கா என்று கேட்கிறார்கள். அப்படி இருந்திருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்துக் காயவைத்துப் பருப்பை எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவது தொழில். அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் கணக்கில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கோயம்புத்தூருக்குப் போய் பி.எட். படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்தப் பேச்சை அவள் எடுக்கும்போதெல்லாம் அப்பா, "அதெல்லாம் போற ஊட்ல கேட்டுக்கலாம் அம்மணி" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, போகிற வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு வீடு தகைந்து வந்தது. விசைத்தறி, தோட்டம், ஒரே பையன். பந்தய வண்டிக்குக் குதிரை வளர்க்கிற குடும்பம். "உங்க ஊட்ல குதிரையெல்லாம் பழக்கமுங்களா?" என்று தரகர் போனில் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். அப்பாவும் ஒரு பேச்சுக்கு, "எங்க ஊட்லயும் ஒண்ணு நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். நிற்கிறது என்று சொன்னால் ஒன்று நிற்க வேண்டுமே என்பது போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நல்லவேளையாக அது ஆடி மாதம். அந்தியூரில் குதிரைச் சந்தை கூடியிருந்தது. அப்பா பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் ஒரு செவலை நிறப் பெண் குதிரையோடு திரும்பினார். அதன் நெற்றியிலும் கழுத்திலும் இருந்த சுழிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, இப்படிச் சுழி சுத்தமான குதிரை நாலு ஜில்லாவில் கிடையாது என்றார். அதாவது, தொட்டுக் காட்டப் பார்த்தார். குதிரை அதற்குள் திரும்பி நின்றுகொண்டது.

அதன் பிறகு நாங்கள் செவலையின் முகத்தைப் பார்த்தது குறைவு. யார் கட்டுத்தரைக்குப் போனாலும் அது தன் பின்பக்கத்தைக் காட்டியது. பக்கத்தில் கட்டியிருந்த காங்கேயம் பசு அப்பாவைக் கண்டால் கழுத்தை நீட்டும். செவலை காதை மடித்துக்கொண்டு ஒரு காலை லேசாகத் தூக்கி வைக்கும். தண்ணீர் வைக்கப் போன அம்மா வாளியைத் தூர வைத்துவிட்டு ஒரு குச்சியால் தள்ளிவிட்டுப் பழகினாள். "வாலை மட்டும் பாக்கறதுக்கு ஒரு வாலை மட்டும் வாங்கியாந்திருக்கலாமுங்க" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. ஆவணியில் பெண் பார்க்க அவர்கள் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழி தெரியாமல் அத்தை போனில் தேடினாள். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். சாட்டை இல்லாமல், கடிவாளம் இல்லாமல் குதிரையோடு பேசிப் பழகுவதை அவர் மணிக்கணக்காக விளக்கினார். அத்தை அதைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களுக்குத் தமிழில் சொன்னாள். குதிரையிடம் எதையும் கட்டளையாகச் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். கேட்பதற்காக லேசாக அழுத்தம் கொடுக்கலாம். அது ஓர் அடி இணங்கினால் அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். விட்டதும் அது நாக்கைச் சுழற்றி, வெறும் வாயை மெல்லும். மனசு இளகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "இதை வெள்ளைக்காரன் வந்துதான் சொல்லோணுமாக்கும்? நம்ம கோயல்ல காலங்காலமா கெடாகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தானே எல்லாம் பண்றோம்?"

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும் முன்பு அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் காத்து நிற்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமியும் கிடாவும் சம்மதித்துவிட்டதாகக் கணக்கு. துளுக்காவிட்டால் வெட்ட மாட்டார்கள். இன்னொரு செம்பு ஊற்றுவார்கள்.

"அந்தக் கெடா அப்பறம் என்னாகுதுன்னும் சித்த யோசிச்சுப் பாருங்ணா" என்றாள் அத்தை.

அப்பா யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, செம்பில் மஞ்சள் தண்ணீரோடு செவலையின் பக்கவாட்டில் போய் நின்றார். களத்தில் தேங்காய் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். வேலையாட்களைச் சத்தம் போட்டே பேசுகிற அப்பா, குதிரையிடம் பேசிய மரியாதையை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. "ஏனுங்க தாயி, மேல ஏறி ஒரு சுத்துச் சுத்திக்கிறேனுங்க. உத்தரவு குடுக்கோணுங்க" என்று சொல்லி முதுகில் ஊற்றினார். செவலை தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறியது.

"துளுக்கிருச்சு!" என்று எல்லோரும் கூவினார்கள். அப்பா ஏறினார். ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. கொட்டாங்குச்சிக் குவியலில் இருந்து அவரைத் தூக்கிவிட்டபோது அவர் முதலில் கேட்டது அப்போது மணி என்ன என்பதைத்தான். எமகண்டம் தொடங்கிவிட்டிருந்தது. ஆகவே தவறு குதிரையிடமும் இல்லை, முறையிலும் இல்லை.

அடுத்த முறை நல்ல நேரம் பார்த்து ஊற்றினார். செவலை மறுபடியும் உத்தரவு கொடுத்தது, மறுபடியும் கீழே தள்ளியது. அதற்கடுத்த நாள் செம்போடு அப்பா வருவதைக் கண்டதுமே உடம்பை உதறியது. "பாத்தீங்களா, கேக்கறதுக்கு முன்னாடியே உத்தரவு குடுக்குது!" என்று அப்பா பூரித்துப்போனார். அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்துனா ஆரா இருந்தாலும் ஒதறத்தான் செய்வாங்க அண்ணா. எம்மேல ஊத்துனா நானுந்தான் ஒதறுவேன். அதுக்குப் பேரு சம்மதமுங்களா?"

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு, "செரி, நீயே பாத்துக்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொள்ளப் போனார்.

அத்தை செவலையை அவிழ்த்துக் கொறங்காட்டுக்குள் விட்டாள். கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி இருக்கும், நடுவில் நாலைந்து வேல மரங்கள் நிற்கும். குதிரைக்கு முதுகைக் காட்டியபடி ஒரு வேல மரத்தடியில் உட்கார்ந்து அத்தை கணக்குப் புத்தகத்தை விரித்தாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். பேசாமல் உட்கார்ந்திருப்பது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களால் முடியாத காரியம் அது. எதற்கு இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் கிசுகிசுத்தபோது, "நம்மகிட்ட வர்றதா வேண்டாமான்னு அது முடிவு பண்ணட்டும்" என்றாள். ஒரு குதிரை முடிவெடுக்க இவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியாது.

இடையிடையே என்னைக் குதிரையாக வைத்து அவள் பழகிக்கொண்டாள். என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி லேசாக இழுப்பாள். நான் ஓர் அடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுவாள். தளர்த்தியதும் நான் நாக்கைச் சுழற்றி மெல்ல வேண்டும். முதலில் கருப்பட்டித் துண்டுக்காக மென்றேன். பிறகு கவனித்தபோது, கயிறு தளர்ந்ததும் தானாகவே எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. ஒருநாள் கயிற்றை அவள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். "இப்ப உன்ற வாயைத் தொட்டுப் பாரு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "செவலை இப்படி நின்னா அது ஒத்துக்கிச்சுன்னு நெனச்சுக்கக் கூடாது. எப்படா உடுவாங்கன்னு நிக்குதுன்னு அர்த்தம்." அன்றிலிருந்து நான் எல்லோர் வாயையும் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பசு எப்போதும் மென்றுகொண்டே இருந்ததால் அது எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் செவலை மெதுவாக நடந்து வந்து அத்தையின் பின்கழுத்தில் மூச்சு விட்டது. அத்தை திரும்பவில்லை, புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு எழுந்து, அதைப் பார்க்காமலே வேலியோரமாக நடந்தாள். செவலை பின்னாலேயே போனது. அவள் நின்றபோது நின்றது, திரும்பியபோது திரும்பியது. கழுத்தில் கயிறு இல்லை. கடைசியில் தலையைத் தாழ்த்தி, நாக்கைச் சுழற்றி, வெறும் வாயை மென்றது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தாமல் இருந்ததை என் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இன்றும் நினைக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளகோவல்காரங்க இதைப் பாத்தா அன்னைக்கே பூ வெச்சுட்டுத்தான் போவாங்க!" என்றார். அத்தையின் முகம் வாடிவிட்டது. குதிரை அவளிடம் வர வர, பி.எட். தூரப் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, இன்னும் ஒரு கார் நிறையச் சொந்தக்காரர்கள். வாழைக்காய் பஜ்ஜிக்கும் கேசரிக்கும் பிறகு எல்லோரும் கட்டுத்தரைக்கு நடந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்ட நின்றே சுழிகளைப் பார்த்து, "நல்ல சுழிதானுங்க" என்றார். மாப்பிள்ளை உரிமையோடு போய்ச் செவலையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அது திரும்பி நின்றது. அவர் அந்தப் பக்கம் போனார். அது இந்தப் பக்கம் திரும்பியது. கடைசியில் பார்த்தால் மாப்பிள்ளை அதை ஒரு பிரதட்சணம் வந்து முடித்திருந்தார். அவருடைய அப்பாவே வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க அம்மணி கூப்பிட்டா வருமுங்க" என்றார் அப்பா. காப்பித் தட்டோடு வர வேண்டிய அத்தை, பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் கட்டுத்தரைக்கு வந்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு அவள் நடந்தாள். செவலை பின்னாலேயே வந்தது. மாப்பிள்ளைக்கு வெட்கம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. "இதை எப்படிங்க பழக்குனீங்க?" என்று நேராக அவளிடமே கேட்டார்.

"அது கண்ணையே பாத்துட்டு நேரா வராதீங்க. சித்த ஓரமா நின்னு வேற எங்கியாச்சும் பாருங்க. வாரப்ப வரட்டும்."

மாப்பிள்ளை ஓரமாக நின்று எதிரில் இருந்த தென்னை மரத்தைப் பார்த்தார். அவர் பார்க்கிறாரே என்று ஒறம்பரை மொத்தமும் மரியாதைக்குத் தென்னை மரத்தைப் பார்த்தது. அப்பா மட்டும், மரத்தில் ஏதாவது குறையோ என்று கவலையோடு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் செவலை வந்து மாப்பிள்ளையின் சட்டையை முகர்ந்து, நாக்கைச் சுழற்றி மென்றது. தொப்பி வைத்த வெள்ளைக்காரரிடம் கற்றதைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தை விளக்கினாள்.

"அப்ப, தலையைத் தொங்கப்போட்டுட்டு வாயை இறுக்கிட்டு நின்னா?" என்று அவர் கேட்டார். "எங்க ஊட்டுக் குதிரைக அப்படித்தானுங்க நிக்குது. அடங்கிருச்சுன்னு நெனச்சுக்குவோம்."

"அது அடங்குனது இல்லீங்க. போறதுக்கு வழியில்லைன்னு நிக்கறதுங்க."

மாப்பிள்ளை குனிந்து செவலையின் வாயை இன்னொரு தடவை பார்த்தார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. பின்னே, நான் பல நாள் உட்கார்ந்து கற்றதை அவர் கால்மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்.

எல்லோரும் வீட்டுக்குள் வந்தோம். தட்டில் வெற்றிலை பாக்கும், பழமும், நெருக்கித் தொடுத்த மல்லிகைச் சரமும் ஏற்கனவே தயாராக இருந்தன. அந்தச் சரம் பெண்ணின் தலையில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு பின்வாங்குவது இரண்டு குடும்பத்துக்கும் அவமானம். அத்தையை நடுவில் பாயில் உட்கார வைத்தார்கள். நான் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. உனக்கும் சம்மதந்தானே?" என்று அப்பா கேட்டார். இருபது இருபத்தைந்து பேர் அவளைப் பார்த்தார்கள். அத்தை தலையைக் குனிந்தாள். "செரின்னுட்டா!" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே பூச்சரத்தை எடுத்தார்.

நான் பழக்க தோஷத்தில் அத்தையின் வாயைப் பார்த்தேன். தாடை எலும்பு தெரியும்படி இறுகியிருந்தது.

"அத்தை இன்னும் மெல்லலீங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தோடு அப்படியே நின்றார். என்ன சொல்கிறது குழந்தை என்று யாரோ கேட்டார்கள். கேட்டதால் நான் எழுந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில் விளக்கினேன். "தலையைக் குனிஞ்சா மட்டும் போதாதுங்க. நாக்கைச் சொழட்டி மெல்லோணுங்க. வாயை இறுக்கிட்டு இருந்தா எப்படா உடுவாங்கன்னு நிக்குதுன்னு அர்த்தமுங்க." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: அத்தை, சமையலறை வாசலில் நின்ற அம்மா, மாப்பிள்ளை.

"அம்மா, பூவைச் சித்தத் தட்டுல வைங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் நிலையோரம் போட்டு, அத்தையைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்தார். அவர் என்ன செய்கிறார் என்று பெரியவர்கள் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

அத்தை ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தலையை நிமிர்த்தினாள். "நான் பி.எட். படிக்கோணுமுங்க. படிச்சு முடிச்சதுக்கப்பறம் வேணும்னா பேசலாமுங்க" என்றாள். சொல்லிவிட்டு உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். அதையும் சபைக்கு அறிவிக்க நான் வாயைத் திறந்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாமல் பின்னால் வந்து நின்ற அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணாமல்தான் எழுந்தார்கள். "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார்கள். எங்கள் பக்கம் மாட்டேன் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அப்பா கார்வரை போய்க் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார்.

அந்த வருடமே அத்தை படிக்கப் போனாள். சம்மந்தம் தட்டிப்போனது என்று ஊர் பேசுவதைவிட, "புள்ளை படிக்கட்டும்னு நாங்கதானுங்க தள்ளிப்போட்டோம்" என்று சொல்வது அப்பாவுக்குக் கௌரவமாக இருந்தது. சில மாதம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். சம்மந்தம் மறுபடி துளிர்க்கிறது என்று அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார். அந்தத் தொப்பிக்காரருடைய வீடியோவை அனுப்ப முடியுமா என்றுதான் மாப்பிள்ளை கேட்டாராம்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று கார் தெருமுனை திரும்பியதும் அப்பா வீட்டுக்குள் வந்து போட்ட சத்தத்தில் பசுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது. அத்தையைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை. செவலையைத் திட்டப் பயம். மிச்சம் இருந்தது நான். "ஏம்புள்ள, அவளை உள்ள கூட்டீட்டுப் போயி நாலு சாத்து சாத்து! பெரியவங்க பேசற எடத்துல வாயைத் தொறப்பாளா?" என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறையின் கதவைச் சாத்தினாள். விளக்குமாற்றை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். படார் படாரென்று சத்தம் கேட்டது. வலிக்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், அம்மா புண்ணாக்கு மூட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். "அழுவு" என்று என் காதில் சொன்னாள். அழுவது எனக்குக் கைவந்த கலை. தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். ஓலம் ஓய்ந்ததும் அம்மா போய் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்து தந்தாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை வாயைப் பாத்து நெசமாலுமே தெரிஞ்சுதா கண்ணு உனக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்சுதும்மா."

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். "என்னையப் பாக்க வந்தன்னைக்கும் உன்னாட்டம் ஒருத்தி பக்கத்துல உக்காந்திருந்திருக்கோணும் சாமி" என்றாள்.

பெரியவர்களுக்குச் சில சாதாரண விஷயங்கள்கூடத் தெரிவதில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை என்பதை அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னேன்.